பூட்டியிருந்த கெபி

கெபிக் கண்ணாடி பூட்டித்தான் இருந்துச்சு. ஸ்டெல்லாமேரி கதவ இழுத்துப் பாத்தா. பூட்டு அசையல. ஆனா உள்ள மாதாவுக்குத் தலை இல்ல.

அப்பத்தான் விடிஞ்சிருந்துச்சு. பால்காரன் கூட வரல. கையில மல்லிப்பூவும் சாவியுமா அவ அப்படியே நின்னா.

மில்லுக்குப் பின்னாடி இருக்குற தெரு அது. முனையில, அவ வீட்டுக்குப் பக்கத்துலயே அந்தக் கெபி. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டு பிரான்சுக்கே போயிட்ட ஒரு சொல்தா குடும்பம் கட்டிக் குடுத்தது. சிமெண்ட்ல குகை மாதிரி கட்டி, நடுவுல மாதா சுரூபம் வச்சு, முன்னாடி கண்ணாடிக் கதவு போட்டிருந்தாங்க. மாசம் ஒரு வீடுன்னு, தெருக்காரங்க கூடிச் செபம் சொல்ற அன்பியத்துல முறை. முறை யாருதோ அவங்க வீட்டுல சாவி இருக்கும். காலையில தொறந்து, பூ மாத்தி, ஒழுகுன மெழுகச் சுரண்டி, தொடச்சிட்டுப் பூட்டணும். இந்த மாசம் ஸ்டெல்லாமேரி வீட்டு முறை. இன்னொரு சாவி பங்குசாமியார் ரூம்ல இருக்குது. மூணாவது சாவின்னு ஒண்ணு கெடையாது.

காலையில சாவிய எடுக்கும்போதே அவளுக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. ஃப்ரிட்ஜு பக்கத்து ஆணியில மாட்டுற சாவி, செபமாலை மாட்டுற ஆணியில தொங்குச்சு. வீட்டுக்காரரு எடுத்து மாத்தி மாட்டியிருப்பாருன்னு நெனச்சுக்கிட்டு வந்துட்டா.

இப்ப கண்ணாடிக்குள்ள எட்டிப் பாத்தா. யாரோ கோவத்துல போட்டு ஒடச்ச மாதிரி இல்ல. கழுத்தச் சுத்தி கொஞ்சம் கொஞ்சமா தட்டி, உள்ள இருந்த கம்பிய அறுத்து, தலையத் தனியா எடுத்து, காலடியில மொகம் மேல பாக்குற மாதிரி வச்சிருந்துச்சு. வேலை தெரிஞ்ச கை. முடிச்சிட்டுக் கதவச் சாத்தி, பூட்டி, பூட்ட ஒரு தரம் இழுத்தும் பாத்திருக்கும் அந்தக் கை. "கெபியத் தொறந்தா பூட்டாம வராத, நாய் வந்து படுத்துக்கும்"னு சின்ன வயசுலேர்ந்து சொல்லிச் சொல்லி அந்தக் கையப் பழக்குனது அவதான்.

ஜெர்ரி.

அழுகை வரல. பூட்டியிருக்குற கெபி. ரெண்டே சாவி. இன்னும் கொஞ்ச நேரத்துல பக்கத்து வீட்டு ரூபி கோலம் போட வெளிய வருவா. கொளஞ்சி டீக்கடை ஷட்டரத் தூக்குவான். எவன் பாத்தாலும் மொத கேள்வி சாவி யாரு வீட்டுலன்னுதான்.

ஓரமா ஜல்லி கொட்டிக் கெடந்துச்சு. கைக்கு அடங்குற கல்லு ஒண்ண எடுத்தா. அடிச்சா. கண்ணாடி பொலபொலன்னு உள்ள கொட்டுச்சு. கல்லையும் உள்ளயே போட்டுட்டா.

அதுக்கப்புறம்தான் கூவுனா. "ஐயோ மாதாவே, யாரோ பாவி ஒடச்சிட்டானே"ன்னு. அந்தக் கூவல் நெசமான கூவல்தான். தெருவே எழுந்து ஓடி வந்துச்சு.

ஜெர்ரி ஒரே புள்ள. பிளஸ் டூ முடிச்சப்ப, வரலாறு படிக்கணும்னு அவனுக்கு ஒரு ஆசை இருந்துச்சு. வீட்டுக்காரரு கிறிஸ்துதாஸ் வுடல. மில்லு இருந்த காலத்துல சங்கம், கொடி, ஸ்டிரைக்கு, அடிதடின்னு எல்லாம் பாத்த ஆளு. "ஆர்ட்ஸ் காலேஜ் போனா கொடி புடிப்பான். என்ஜினியரிங் படிச்சா தலை குனிஞ்சு வேலையப் பாப்பான்"னாரு. பையனும் தலை குனிஞ்சுதான் படிச்சான். மெக்கானிக்கல். நல்ல மார்க்கு. முடிச்சிட்டு வேலை இல்லாம வீட்டுலயே கெடந்தான். சொந்தக்காரங்க கேக்குறாங்கன்னு கல்யாணம் காட்சிக்குக் கூட வரமாட்டான். அப்ப காலேஜ் சிநேகிதன் ஒருத்தன் அவன ஒரு கூட்டத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனான். அரியாங்குப்பம் பாலம் தாண்டி, டைல்ஸ் கடை மாடியில நடக்குற கூட்டம். எந்தச் சபையோடயும் சேராதவங்க. பிரதர் மார்ட்டின்னு ஒருத்தரு, முன்ன கம்ப்யூட்டர் கம்பெனியில இருந்தவரு, வெள்ளை போர்டு வச்சு பாடம் எடுப்பாரு. வசனத்துக்கு ஒரு கட்டம், வருஷத்துக்கு ஒரு கட்டம், நடுவுல அம்புக்குறி. ஸ்டெல்லாமேரியும் ஒரு தரம் போனா. பாட்டு இல்ல, அழுகை இல்ல, எல்லாப் பசங்களும் பேனாவும் கையுமா உக்காந்திருந்தானுங்க. டியூஷன் மாதிரிதான் இருந்துச்சு. பையனுக்குச் சிநேகிதம் கெடச்சுதேன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டு வந்துட்டா.

அப்புறம் சேதராப்பட்டுல ஒரு கம்பெனியில வேலை கெடச்சுது. ஆனா ஜெர்ரி மாறிட்டான். சுரூபம்னு சொன்ன வாயி விக்கிரகம்னு சொல்ல ஆரம்பிச்சுது. வீட்டுல செபமாலை சொன்னா எழுந்து மாடிக்குப் போயிடுவான். "ஒரு கணக்குக்கு ரெண்டு விடை இருக்குமாமா? இது சரின்னா அது தப்பு. அவ்வளவுதான்" அப்படிம்பான். சண்டை போட மாட்டான், சத்தம் போட மாட்டான். அதுதான் அவளுக்குப் பயமா இருக்கும்.

போன கிறிஸ்மஸ்க்கு எதுத்த வீட்டு விக்ரம் வந்திருந்தான். சின்னப்பாப்பா மவன். அவன் அப்பா மில்லுல வேலை பாத்தவரு, செத்துப்போயிட்டாரு. விக்ரம் காலாப்பட்டு யுனிவர்சிட்டியில பொலிட்டிகல் சயின்ஸ் எம்.ஏ. சாமி இல்லம்பான், ஆனா கேக்கு சாப்பிட மட்டும் மொத ஆளா வந்துடுவான். அன்னிக்கு ஜெர்ரி கேக்கத் தொடல. டிசம்பர் இருபத்தஞ்சு பைபிள்ல இல்லைன்னான்.

"அத்தை, உங்க புள்ளையப் பாத்துக்கங்க"ன்னு விக்ரம் வாய் நெறைய கேக்க வச்சுக்கிட்டே சொன்னான். "குண்டு வச்சவனுங்கள்லாம் என்னா படிச்சானுங்கன்னு வெள்ளக்காரன் ஆராய்ச்சி பண்ணிருக்கான். மதத்துக்காக வச்சவன்ல என்ஜினியருங்க நெறைய பேராம்."

"அப்ப உங்க பாடம் படிச்ச ஆளுங்க?"ன்னாரு கிறிஸ்துதாஸ்.

"நாங்க வேற டிசைன்ல கெட்டுப்போவோமாம் மாமா. எங்களுக்குத் தனி லிஸ்ட்டு இருக்குது."

"போடா. நம்ம ஊருல தடுக்கி வுழுந்தா என்ஜினியரு மேலதான் வுழணும். அத்தன பேரும் குண்டா வைக்கிறான்? பைக்குல சோத்துப் பொட்டலம் கொண்டு குடுக்குறான்."

எல்லாரும் சிரிச்சாங்க. ஜெர்ரி சிரிக்கல. "உன் ஆராய்ச்சியே சந்தேகம்தானடா"ன்னான்.

"சந்தேகப்படுறதுதான் மச்சான் எங்க சப்ஜெக்ட்டே."

இப்ப கெபி முன்னாடி ஜனம் கூடிப்போச்சு. ரூபி மாருல அடிச்சுக்கிட்டா. யாரோ ரோட்டுல கட்டைய இழுத்துப் போட்டு பஸ்ஸ மறிச்சாங்க. போலீஸ் வந்துச்சு. எஸ்.ஐ. பலராமன், சின்ன வயசு, சட்டையில மடிப்புக் கலையல.

"யாரும்மா மொதல்ல பாத்தது?"

"நான்தான் சார்."

"கண்ணாடி அப்பவே ஒடஞ்சிருந்துச்சா?"

ஸ்டெல்லாமேரி தலைய ஆட்டுனா. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லல. ஆட்டுனா, அவ்வளவுதான்.

"வீட்டுல யாரு யாரு இருக்கீங்க?"

கிறிஸ்துதாஸ் முன்னாடி வந்தாரு. "நானு, இவ, ஒரு பையன் சார். பி.இ. மெக்கானிக்கல். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு போயிருக்கான்."

"நானும் பி.இ.தான் சார். இ.சி.இ. படிச்சிட்டு லத்தி புடிக்கிறேன்." பலராமன் சிரிச்சாரு. "என்ஜினியரிங் பசங்களால எங்களுக்குத் தொல்லையே கெடையாது. அரியர் எழுதவே நேரம் பத்தாது. எங்க காலேஜ்ல ஒரே ஒரு போராட்டம் நடந்துச்சு, சாம்பார்ல பல்லி வுழுந்துச்சுன்னு. இதெல்லாம் வேற குரூப்பு. தெருவுல எவனாவது இருக்கானா? நாத்திகம், புரட்சி, அந்த மாதிரி?"

கொளஞ்சிதான் டீக் கிளாஸ அலசிக்கிட்டே சொன்னான். "அந்த வூட்டுப் பையன் ஒருத்தன் இருக்கான் சார். காலாப்பட்டுல படிக்கிறான். பொலிட்டிகல் சயின்ஸ்."

"அதான பாத்தேன்"ன்னாரு பலராமன்.

அப்புறம் ஆளாளுக்கு ஞாபகம் வந்துடுச்சு. மாதா திருவிழாவுக்குக் கெபியில மைக் செட்டு போட்டப்ப விக்ரம் வந்து, "பரிச்ச இருக்குது, கொஞ்சம் கொறச்சு வைங்களேன்"னு கேட்டான். கொறைக்கல. போற போக்குல, "மாதாவுக்கு இன்னா காது செவுடா? மெதுவா பாடுனா கேக்காதா?"ன்னு சொல்லிட்டுப் போனான். அன்னிக்குச் சிரிச்சவங்களே இன்னிக்கு அத ஒரு மாதிரி சொன்னாங்க. ஸ்டெல்லாமேரியும் அன்னிக்குச் சிரிச்சவதான். இன்னிக்கு அவ ஒண்ணும் சொல்லல.

விக்ரம் பல்லு வெளக்கிக்கிட்டு இருந்தான். "கொப்புளிச்சிட்டு வாடா"ன்னு கூப்பிட்டாங்க. அவனும் கொப்புளிச்சிட்டு, "இன்னா சார்?"னு வந்தான். ஜீப்புல ஏத்துனப்ப கூட விசாரிச்சிட்டு வுட்டுடுவாங்கன்னுதான் நெனச்சான் போல. சின்னப்பாப்பா ஓடியாந்து, "யக்கா, நீ சொல்லுக்கா, என் புள்ள அப்படி செய்வானா?"ன்னு ஸ்டெல்லாமேரி கையப் புடிச்சா.

"செய்ய மாட்டான்"னா ஸ்டெல்லாமேரி. அந்த ஒரு வார்த்த மட்டும் வந்துச்சு.

வுடல. ரிமாண்டு பண்ணிட்டாங்க. அதுக்கப்புறம் தெரு அடங்கிப்போச்சு. கோயில்காரங்களுக்கு ஆளு கெடச்சிட்டான். நம்ம மேல பழி வரப்போவுதுன்னு பயந்துக்கிட்டு இருந்த மத்த மதத்துக்காரங்களுக்கும் நிம்மதி. சாமியே இல்லன்னு சொல்றவன்தான் செஞ்சான்னதும் சாமி கும்புடுற எல்லாரும் ஒண்ணாயிட்டாங்க. பேப்பர்ல "ஆய்வு மாணவர்"னு போட்டான். அவன் ஆய்வு மாணவன் கூட இல்ல.

ஜெயிலும் காலாப்பட்டுலதான். விக்ரம் படிக்கப் போன அதே பஸ்ஸுல சின்னப்பாப்பா அவன மனு போட்டுப் பாக்கப் போனா. தொணைக்கு ஸ்டெல்லாமேரியக் கூப்பிட்டா. மாட்டேன்னு சொல்ல முடியல. ஜன்னல் பக்கம் உக்காந்து, கடல் தெரியிற எடத்துல எல்லாம் சின்னப்பாப்பா கண்ண மூடிக்கிட்டா. "யுனிவர்சிட்டி கேட்டு வந்தா சொல்லுக்கா, நான் பாக்கமாட்டேன்"னா.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் விக்ரம் வந்தான். தாடி மொளச்சிருந்துச்சு. அவன் அம்மா பேசப் பேச, மொகத்தத் திருப்பித் திருப்பி வலது காத வலைக்கிட்ட கொண்டாந்தான்.

"ஏண்டா அப்படி நிக்கிற?"ன்னா சின்னப்பாப்பா.

"இந்தப் பக்கம் கேக்கலமா. ஸ்டேஷன்ல ஒருத்தன் 'காது செவுடான்னா கேட்ட?'ன்னு கேட்டுக் கேட்டு அறைஞ்சான். உள்ள கொய்யின்னு சத்தம் மட்டும் வருது." அப்புறம் ஸ்டெல்லாமேரியப் பாத்தான். "அத்தை, நீங்க எதுக்கு அலையிறீங்க? ஜெர்ரிய வரச் சொல்லுங்க. அவன் வந்தா வக்கீல்கிட்ட ஒழுங்கா பேசுவான்."

வர்ற வழியில சின்னப்பாப்பா அவ தோள்லயே சாஞ்சு தூங்கிட்டா. ஸ்டெல்லாமேரி அசையாம உக்காந்திருந்தா.

வீட்டுல ஜெர்ரி சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். அவ எதுக்க உக்காந்தா.

"நீதான?"

"நான்தாம்மா." சோத்தப் பெசஞ்சுக்கிட்டே சொன்னான். "நீ என்னிக்குக் கேப்பன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவன் மறைப்பான், அழுவான், கால்ல வுழுவான்னு எல்லாம் அவ நெனச்சு வச்சிருந்தா. அதுக்கெல்லாம் வேலையே இல்லாம போயிடுச்சு.

"நானும் ஒண்ணு கேக்கணும். கண்ணாடிய யாரு ஒடச்சது? நான் பூட்டிட்டுல்ல வந்தேன்?"

"நான்தான் ஒடச்சேன்."

அப்பத்தான் நிமிந்து பாத்தான். "எதுக்கு?"

"எதுக்கா? உன்னக் காப்பாத்தத்தான்டா!"

"உன்ன யாரும்மா கேட்டது? அது விக்கிரகம், அத எடுக்கணும், எடுத்தேன். யாரோ ரவுடி கல்லெறிஞ்ச மாதிரி ஆக்கிட்ட."

"விக்ரமுக்குக் காது போயிடுச்சுடா. உன்கூட வெளையாண்ட புள்ள. உன்ன வரச் சொல்றான், வக்கீல்கிட்ட பேச."

ஜெர்ரி கொஞ்ச நேரம் தட்டையே பாத்தான். அந்தக் கொஞ்ச நேரத்துல அவளுக்கு நம்பிக்க வந்துச்சு. அப்புறம் அவன் மெதுவா, பாடம் சொல்லிக் குடுக்குற மாதிரி சொன்னான். "கஷ்டமாத்தான் இருக்குது. ஆனா பாரும்மா. அவன் கர்த்தர் இல்லைன்னு சொல்றவன். அவனுக்கு வரப்போறது என்னன்னு எழுதியிருக்குது. வூடே எரியப் போவுது, ஜன்னல் ஒடஞ்சிடுச்சேன்னு அழுவாங்களா?"

"நீயே போயி ஒத்துக்கடா. உன் கர்த்தர் பொய் சொல்லச் சொன்னாரா?"

"நான் எங்க பொய் சொன்னேன்? என்ன யாரும் கேக்கலையே. பிரதர் இப்ப பேச வேணாம்னுட்டாரு. இன்னும் வேலை இருக்குதாம்."

"இன்னும்னா?"

"தண்ணி ஊத்துமா"ன்னான்.

இவன் அஞ்சு வயசுல கோயில்ல மாதா காலத் தொட எட்டலன்னு அழுதவன். படிப்பு இவனக் கெடுத்துச்சா, படிச்சிட்டு வேலை இல்லாம மூலையில கெடந்த காலம் கெடுத்துச்சா, இல்ல கொடி புடிக்கக் கூடாதுன்னு பூட்டிப் பூட்டி வளத்தது கெடுத்துச்சா? அவளுக்குத் தெரியல. பொலிட்டிகல் சயின்ஸ் படிச்சவன் சந்தேகம் சந்தேகம்னு சொல்லிக்கிட்டு இருந்தான். அவன் உள்ள இருக்கான். சந்தேகமே இல்லாதவன் இங்க சோறு திங்கிறான். இது வரைக்கும்தான் அவளுக்குப் புரிஞ்சுது.

கிறிஸ்துதாஸ்கிட்ட சொன்னா. அவரு சுவத்துல சாஞ்சு அப்படியே கீழ உக்காந்துட்டாரு. "வாய மூடிக்க. விக்ரம் ஜாமீன்ல வந்துடுவான், சாட்சி ஏது? நம்மளால முடிஞ்சது செய்யலாம், நல்ல டாக்டராப் பாக்கலாம். இவன் பேரு வெளிய வந்துச்சுன்னா வேலை போச்சு, வாழ்க்க போச்சு. தெருவுல நம்ம நிக்க முடியாது மேரி."

"இன்னும் வேலை இருக்குதுங்குறான். அடுத்தது எந்தக் கோயிலு, யாரு தலைன்னு தெரியல. அதுக்கும் நான் கல்லு தேடணுமா?"

அவரு எழுந்து போயி வாசல் கதவச் சாத்துனாரு.

மறுநா ஸ்டேஷனுக்குப் போனா. பலராமன் அவளுக்கு நாற்காலி போடச் சொன்னாரு.

"சார், அந்தச் சுரூபத்த ஒடச்சது என் பையன்."

"எந்தப் பையன்? பி.இ. படிச்ச பையனா?" பேனாவ மூடி வச்சாரு. "எதுத்த வூட்டுக்காரி அழுவுறதப் பாத்து மனசு எளகிடுச்சா? உனக்குப் பிரஷர் இருக்குதாம்மா?"

"கண்ணாடிய ஒடச்சது நானு. கெபி பூட்டியிருந்துச்சு சார். சாவி எங்க வூட்டுல இருந்துச்சு."

அவரு அவளையே பாத்தாரு. நம்பிட்டாருன்னு அந்தப் பார்வையிலயே தெரிஞ்சுது. நம்புனதுனாலதான் குரல எறக்குனாரு. "இங்க பாரும்மா. அன்னிக்கு ரெண்டு பக்கமும் ஏத்தி வுட ஆளு ரெடியா நின்னான். இந்தப் பையனப் புடிச்சதும் ஊரு அடங்குச்சு. கோயில்காரங்க வூட்டுப் புள்ளையே செஞ்சான், அதுவும் என்ஜினியருன்னு நான் எழுதுனா எவன் நம்புவான்? மறைக்கப் பாக்குறோம்பான். மறுபடி ரோட்டுக்கு வருவான். நீ வூட்டுக்குப் போ. எதுவா இருந்தாலும் கேஸு நடக்கும்போது பாத்துக்கலாம்."

"அந்தப் பையனுக்குக் காது போயிடுச்சு சார்."

"போம்மா"ன்னாரு. அவ மொகத்தப் பாக்காம சொன்னாரு.

ஞாயித்துக்கிழமை பூசையில கோயில் நெறஞ்சு வழிஞ்சுது. சாமியார் கடைசியில அறிவிப்பு வாசிச்சாரு. மாதாவுக்குச் செஞ்ச அவமானத்துக்குப் பரிகார பவனி, எல்லாரும் மெழுகுவத்தியோட வரணும், செஞ்சவன் மனந்திரும்ப வேண்டிக்கணும்னு. ஸ்டெல்லாமேரி எழுந்தா. பக்கத்துல கிறிஸ்துதாஸ் அவ புடவையப் புடிச்சாரு. புடிச்சாரு, அப்புறம் வுட்டுட்டாரு.

வாசகம் வாசிக்கிற மைக் முன்னாடி போயி நின்னா. அவ அங்க நெறைய தரம் வாசகம் வாசிச்சிருக்கா. அதனால யாரும் தடுக்கல.

"மாதாவ ஒடச்சது என் மவன் ஜெர்ரி. கண்ணாடிய ஒடச்சது நானு. விக்ரம் ஒண்ணும் செய்யல."

ரூபிதான் மொதல்ல வாயத் தொறந்தா. "ஏங்க்கா, மெக்கானிக்கல் படிச்ச புள்ளையப் போயி இப்படி சொல்ற? அவன் வாயில்லாப் பூச்சியாச்சே!" பின்னாடி ஒருத்தன், "அந்த நாத்திகன் வூட்டுல காசு குடுத்துட்டாங்க"ன்னான். யாரோ மைக்க நிறுத்தச் சொன்னாங்க. சாமியார் நிறுத்தல. "இன்னொரு தரம் சொல்லும்மா"ன்னாரு. அவ சாவியப் பத்தியும், பூட்டப் பத்தியும், கல்லப் பத்தியும், எல்லாத்தையும் சொன்னா. சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லி, அவங்க திருப்பி அனுப்பிச்சதையும் சொன்னா.

ஜனம் நேரா அவ வீட்டுக்குப் போச்சு. ஜெர்ரி வாசல்ல வந்து நின்னான். "நீயாடா?"ன்னு கேட்டாங்க.

"ஆமா"ன்னான். பரிச்சையில தெரிஞ்ச கேள்வி வந்த மாதிரி மொகம் தெளிஞ்சுது. யாத்திராகமம், அதிகாரம், வசனம்னு ஆரம்பிச்சான். ரெண்டாவது வசனத்துக்கு மொத அடி வுழுந்துச்சு. அவன் கையத் தூக்கி மறைச்சுக்கக் கூட இல்ல. அவளால அவன்கிட்ட போக முடியல. அத்தன தோளு குறுக்க நின்னுச்சு. போலீஸ் வந்துதான் காப்பாத்துச்சு. அந்த முறை பலராமன் எதுவும் கேக்காம எழுதிக்கிட்டாரு. டைல்ஸ் கடை மாடிக்குப் போனப்ப வெள்ளை போர்டு மட்டும் இருந்துச்சு, தொடச்சு வச்ச மாதிரி. பிரதர் மார்ட்டின் ஃபோன எடுக்கல.

விக்ரம வுடுறதுக்கு அதுக்கப்புறமும் நாளாச்சு. பேப்பரு இங்க போவணும் அங்க போவணும்னாங்க. அவன வெளிய வுட்ட அன்னிக்குத்தான் ஸ்டெல்லாமேரிக்கும் மனு கெடச்சிருந்துச்சு. ஜெயில் வாசல்ல சின்னப்பாப்பா புங்கமரத்துக்குக் கீழ நின்னுக்கிட்டு இருந்தா. கோயில்ல பேசுன நாளுலேர்ந்து அவ இவகூடப் பேசல. இன்னிக்கு அவளே கிட்ட வந்தா.

"யக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீ கல்ல எடுத்தப்ப, எங்க வூட்டு வாசலு உனக்கு எதுக்கதான இருந்துச்சு. பழி எங்க வந்து வுழும்னு உனக்குத் தெரியலயா?"

அன்னிக்கு ஸ்டெல்லாமேரி எந்த வாசலையும் பாக்கல. அதச் சொல்லி என்னா ஆவப் போவுது?

ஜெயில் கதவு தொறந்து விக்ரம் பையோட வந்தான். எளச்சுப் போயிருந்தான். இவளப் பாத்துட்டு நின்னான். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சு. சின்னப்பாப்பா அவன் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு ரோட்டத் தாண்டிப் போயிட்டா.

ஸ்டெல்லாமேரி உள்ள போனா. வலைக்கு அந்தப் பக்கம் ஜெர்ரி தலை சீவி, சுத்தமா வந்து நின்னான். புருவத்துல தையல் போட்ட தழும்பு.

"எப்படிடா இருக்க?"

"நல்லா இருக்கேன்மா. பி.இ.ன்னு தெரிஞ்சதும் ஒரு சாரு, கம்ப்யூட்டர் தெரியுமான்னு கேட்டாரு. சும்மா இருக்குற நேரத்துல ஏதோ டைப் அடிச்சுக் குடுக்குறேன். மரியாதையாத்தான் நடத்துறாங்க."

"சாப்பிடுறியா?"

"நீ சொன்னது சரிதாம்மா. கோயில்ல. உண்மைய மறைக்கக் கூடாது. எனக்கு உன் மேல வருத்தம் இல்ல."

அவ அழுதா. இவ்வளவு நாளு வராத அழுகை. அவனுக்கு வருத்தம் இருந்திருக்கணும். திட்டியிருக்கணும். பெத்தவளே காட்டிக் குடுத்துட்டியேன்னு மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போயிருந்தாக் கூட, உள்ள எங்கயோ அவ புள்ள இருக்கான்னு நெனச்சுக்கிட்டுப் போயிருப்பா.

"அழாதம்மா. நான் இங்க சும்மா இல்ல." வலைக்கிட்ட வந்து குரல எறக்குனான், சந்தோஷமான சேதி சொல்ற மாதிரி. "என்கூட ரெண்டு பசங்க இருக்கானுங்க. ஒருத்தன் டிப்ளமா சிவில், ஒருத்தன் எட்டாவதோட நின்னவன். தெனம் சாயங்காலம் நான் வசனம் சொல்ல உக்காந்து கேக்குறானுங்கமா. நல்லா கேக்குறானுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் புரியுது."

மணி அடிச்சுது. ஜெர்ரி திரும்பி வரிசையில போயி நின்னான். முன்னாடி நின்னவன் தோள்ல கை வச்சு என்னமோ சொன்னான். அவன் தலைய ஆட்டுனான். ஸ்டெல்லாமேரி வலையப் புடிச்சுக்கிட்டு நின்னா.

"ஏம்மா, உன் மனு முடிஞ்சிடுச்சு"ன்னு பின்னாடி இருந்து ஒரு பொம்பள தோளத் தட்டுனா. "நகரு. என் புள்ள நிக்கிறான்."